மண் வளம் கூடியதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்ற ஆண்டு நெல் வயலில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு மடக்கி உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமும் போட்டேன். மண் ஆய்வு அட்டையில் கரிமச்சத்து (மட்கில் உள்ள கரிமம்) 0.42 சதவீதத்திலிருந்து 0.80 ஆக ஏறியிருக்கிறது. இனி தொழுவுரத்தை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நிறுத்தாதீர்கள். ஒரே ஆண்டில் கரிமச்சத்து அவ்வளவு ஏறாது. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் 0.38 சதவீதம் கூட வேண்டுமானால் 3.4 டன் கரிமம் மண்ணிலேயே தங்கியிருக்க வேண்டும். தொழுவுரத்தில் பாதி ஈரம். 5 டன்னில் கரிமம் முக்கால் டன் தேறினாலே அதிகம். தக்கைப்பூண்டின் பசுந்தழை 10 டன் வந்திருந்தாலும் அதில் எண்பது சதவீதம் தண்ணீர்; கரிமம் சுமார் 0.8 டன். போட்டதே மொத்தம் ஒன்றரை டன்தான். நம் வெயிலில் அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும்.

கோளாறு பெரும்பாலும் மண் மாதிரி எடுத்ததில் இருக்கும். மட்காத எருத்துண்டும் வேரும் கலந்திருந்தாலே அளவு எகிறிவிடும். அறுவடை முடிந்து, எரு போடுவதற்கும் உழுவதற்கும் முன், ஆண்டுதோறும் அதே மாதத்தில் எடுங்கள். வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாவற்றையும் தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் மேல் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டுங்கள். கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

வயலில் எருவும் தக்கைப்பூண்டும் இல்லாத ஒரு பாத்தியை விட்டுவைப்பது மிக அவசியம். மற்ற வேலைகளை எல்லாம் அந்தப் பாத்திக்கும் வயலுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால், நல்ல மழை தந்த மகசூலையும் எருவின் கணக்கில் எழுதிவிடுவோம். மூன்று, நான்கு ஆண்டு வேறுபாட்டைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இன்னொன்று: 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கும் தக்கைப்பூண்டு இளசு, சீக்கிரம் மட்கித் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தரும். அதனால் யூரியாவைக் குறைக்கலாம். கரிமச்சத்தைக் கூட்ட அது மட்டும் போதாது. தொழுவுரமும் வயலிலேயே மட்கும் வைக்கோலும் தொடர்ந்து வேண்டும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 2 டன் கோழி எரு போடுகிறேன். விளைச்சல் நன்றாக இருக்கிறது. இப்படியே தொடரலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அதே அளவில் தொடர வேண்டாம். 2 டன் கோழி எருவில் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். 3 டன் மக்காச்சோளம் விளைந்தால், தட்டையோடு சேர்த்து வெளியேறுவது சுமார் 30 கிலோதான். மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேரும். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். இளம் இலைகளின் அடிப்பகுதியில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதுதான் துத்தநாகக் குறைவின் அடையாளம்.

அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டியிருந்தால் கோழி எருவை ஓரிரு ஆண்டு நிறுத்தி, தழைச்சத்துக்குப் பசுந்தாள் பயிர் போடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் இ.சி. 1-ஐ நெருங்கினாலும் நிறுத்த வேண்டியதுதான். எரு எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பண்ணையில் எரு விலை ஏறினால் நின்றுபோகும் வளத்தை நிலைத்த வளம் என்று சொல்ல முடியாது. உள்ளே வரும் சத்தையும் வெளியே போகும் சத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

கேள்வி: ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் மண் திருந்துகிறதா என்று நாமே பார்க்கும் சோதனை உண்டா? செம்மண், மானாவாரி நிலக்கடலை.
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: உண்டு. உள்விட்டம் 15 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, மண்ணில் பாதிவரை அடித்து இறக்குங்கள். உள்ளே பாலித்தீன் தாளை விரித்து 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். முதல் தண்ணீர் மண்ணை நனைக்க மட்டும். அது வடிந்ததும் இன்னொரு 450 மி.லி. ஊற்றி, அது முழுக்க இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். டிராக்டர் சக்கரம் ஓடிய தடத்தைத் தவிர்த்து, மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். ஆண்டுதோறும் அந்த நேரம் குறைந்துவந்தால் மண்ணின் கட்டமைப்பு திருந்துகிறது. உழுத உடனே சோதித்தால் எந்த மண்ணிலும் தண்ணீர் வேகமாக இறங்கும். அறுவடைக்குப் பின், உழவுக்கு முன்தான் சோதிக்க வேண்டும். சேறடித்த நெல் வயலுக்கும், வெடிப்பு விட்ட கரிசலுக்கும் இது பொருந்தாது.