வண்டியில் ஜிபிஎஸ் வைத்தால் தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சொந்தக் கார் வைத்திருப்பவர் என்று தோன்றுகிறது. வீடு, ஆபிஸ், லீவுக்கு ஊர். இதை யார் பார்த்தால் என்ன என்றுதான் உங்களுக்கு இருக்கும். நாங்கள் மஞ்சள் போர்டு, வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர்கள். எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. 2016 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் இருப்பிடம் காட்டும் கருவியும் எமர்ஜென்சி பட்டனும் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆட்டோவுக்கு விலக்கு. 2019 ஜனவரியிலிருந்து புது வண்டிக்கெல்லாம் அமலுக்கு வந்தது.

நோக்கத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ராத்திரி டிரிப்பில் பெண்கள் ஏறினால் சிவப்பு பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் வேனை எடுப்பேன்.

எங்கள் பக்கத்து ஊரில் கல்குவாரி வெடியால் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்க அந்த ஊர்ப் பெண்கள் என் வேனைப் பேசினார்கள். கோஷம் கிடையாது, மறியல் கிடையாது. போகும் வழியில் ஒரு வக்கீல் வீட்டில் மனுவைச் சரிபார்த்துக்கொண்டு, வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பினார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வண்டியைப் பேசியது யார், பணம் கொடுத்தது யார், பேர் சொல்லு என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, ஊரில் எத்தனை மணிக்கு ஏற்றினேன், வக்கீல் தெருவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதையெல்லாம் வாசித்தார். "ஜிபிஎஸ்ல எல்லாம் வந்திருக்குப்பா, மறைக்காத" என்றார். வக்கீல் வீட்டுக்குப் போனதை நான் என் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வழக்கு இல்லை, புகார் இல்லை, எந்த உத்தரவும் இல்லை. நான் பேர் சொல்லவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் விஷயம் அந்த ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பா அம்பாசடர் ஓட்டிய காலத்திலிருந்து திருச்செந்தூரில் மொட்டை போடவும் வளைகாப்புக்கும் எங்கள் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த மனுவுக்கு டவுன் பஸ்ஸில் போனார்கள். "கோவிச்சுக்காதீங்கண்ணே, உங்க வண்டி எல்லாத்தையும் சொல்லிடுதே" என்று ஒரு அக்கா சொன்னார். பெண்கள் பாதுகாப்புக்கென்று மாட்டிய கருவி, பெண்கள் மனு கொடுக்கப் போனதை வேவு பார்த்திருக்கிறது. இவர்களில் யார் தப்பு செய்தவர்?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். கருவி எங்கள் காசு, ரீசார்ஜ் எங்கள் காசு. சிக்னல் வரவில்லை என்றால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடையாது. என் வேன் ஷெட்டில் நின்றிருந்த ஒரு நாளில் எங்கேயோ ஒரு டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கில் பணம் எடுத்துவிட்டார்கள். வண்டி அங்கே போகவில்லை என்று காட்ட அதே ஜிபிஎஸ் பதிவைக் கேட்டு அலைந்தேன். கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு மட்டும் தாளில் அச்சடித்தே போயிருக்கிறது. சொந்த போர்டு காரை வாடகைக்கு விடுகிறவருக்கு இந்தக் கருவியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை, எங்கள் அளவு வரியும் இல்லை. அதையும் யாராவது கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் நம் ஆர்.சி., லைசென்ஸ் விவரங்களை மொத்தமாக விற்க ஒரு கொள்கையே கொண்டுவந்தது. வாங்கும் கம்பெனி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கட்ட வேண்டும். 2020இல் தனியுரிமைச் சிக்கல் என்று அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஆர்.சி. எடுக்கும்போது இதற்கும் சேர்த்தா நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்? 2024 செப்டம்பரில் நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தி, சாட்டிலைட் வழியாக டோல் வசூலிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கான கருவி சொந்தக் காருக்கும்தான். 2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமோ, பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களைச் சொல்லி மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும். ஜெர்மனியில் 2005லிருந்து லாரிகளுக்கு சாட்டிலைட் டோல் இருக்கிறது. அந்தத் தகவலை டோல் வேலைக்குத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது, வேறு சட்டத்தைக் காட்டியும் பறிமுதல் செய்யக்கூடாது என்று டோல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பார்த்தால் வண்டிக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா என்பதைச் சட்டத்தில் எழுதட்டும். அதைத்தான் கேட்கிறேன்.

'அப்படியானால் கடத்தல்காரனை எப்படிப் பிடிப்பது' என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். குழந்தையைக் கடத்திக்கொண்டு ஒரு வண்டி போகிறதென்றால் அந்த நிமிஷமே பாருங்கள், அப்புறம் ஏன் பார்த்தோம் என்று நீதிபதியிடம் எழுதிக் கொடுங்கள். மற்ற வழக்குக்கெல்லாம் முதலில் உத்தரவு வாங்கி வாருங்கள். என் வேனின் பதிவை நானே எடுத்துத் தருகிறேன்.