புதிய ஆழ்குளிர்ப்பெட்டிக்கு விலை கோருவதற்கு முன்னர்

கேள்வி: வன்னியிலுள்ள பல்கலைக்கழகப் பீடமொன்றின் ஆய்வு நிலையத்துக்கு இவ்வருடம் இணைப்பாளராகப் பொறுப்பேற்றுள்ளேன். ஆறு வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டு உதவித் திட்டமொன்றின் மூலம் கிடைத்தவை உட்பட 41 கருவிகள் பதிவேட்டில் உள்ளன. அவற்றில் 14 இயங்குவதில்லை. மண், தாவர மாதிரிகளை வைத்திருக்கும் மைனஸ் 80 பாகை ஆழ்குளிர்ப்பெட்டியின் கொம்பிரசர் நான்கு வருடங்களுக்குள் இரண்டாவது தடவையாகப் பழுதடைந்துள்ளது. எமக்கு ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தரே இருக்கிறார். திருத்துநர் கொழும்பிலிருந்து வரவேண்டும். மூலதன ஒதுக்கீட்டை டிசம்பர் 31க்கு முன்னர் செலவிடாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும் என்பதால், புதிய ஆழ்குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விலை கோரும் கடிதத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். ஒரே இடத்தில் நின்ற ஒரே பெட்டியில் இரண்டு கொம்பிரசர்கள் அடுத்தடுத்துப் பழுதாகியிருந்தால், பெட்டியைக் குறைகூறுவதற்கு முன்னர் அது நிற்கும் அறையையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சந்தேகிப்பதே முறை. காரணத்தை அறியாமல் வாங்கப்படும் புதிய பெட்டியும் உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு அதே முடிவுக்கு வரும் என்பது என் அனுபவம்.

மைனஸ் 80 பாகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு கொம்பிரசர்களைக் கொண்டவை. முதலாவது கொம்பிரசர் இரண்டாவதின் வாயுவைக் குளிர்விக்க, இரண்டாவது பெட்டியின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. முதற்கட்டத்தின் வெப்பம் அறைக் காற்றினூடாகவே வெளியேற வேண்டும் என்பதால், அறை வெப்பமானாலோ காற்றுச் சல்லடையில் புழுதி படிந்தாலோ இரண்டு கட்டங்களிலும் அமுக்கம் உயர்ந்து, இயந்திரம் ஓய்வின்றி ஓடத் தொடங்கும். இத்துடன் வோல்ட்டளவும் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். எல்லாவற்றிலும் மோசமானது, மின்சாரம் சில விநாடிகள் போய்த் திரும்பி வருவது. உள்ளே அமுக்கம் தணியாத நிலையில் மோட்டார் மீண்டும் சுழல முயன்று இயலாமற்போக, சுருள் கருகிவிடும். ஆகவே மின்சாரம் திரும்பிய பின்னர் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரை தாமதித்து இணைக்கும் கருவியோ, அவ்வசதியுள்ள வோல்ட்டளவு சீராக்கியோ இல்லாமல் எந்த ஆழ்குளிர்ப்பெட்டியையும் சுவரில் உள்ள சொக்கெற்றில் நேரடியாகச் சொருகக் கூடாது.

எனவே முதல் வேலையாக, வோல்ட்டளவைத் தொடர்ச்சியாகப் பதியும் கருவி ஒன்றை அந்தச் சொக்கெற்றில் இரண்டு வாரங்கள் பொருத்தி வையுங்கள். பொறியியற் பீடமொன்றிடம் இரவலாகக் கேட்டாலே கிடைக்கக்கூடிய பொருள் இது. எமது நாட்டில் 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம் கூடவோ குறையவோ இருப்பது அனுமதிக்கப்பட்ட வரம்பு. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மாலை ஆறரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், அயற்கிராமங்களில் விளக்குகள் எரியும் நேரத்தில், உங்கள் அறையில் என்ன வாசிப்பு வருகிறது என்பதைப் பாருங்கள். அலுவலக நேரத்தில் மல்ரிமீற்றரால் ஒரு தடவை அளந்து “சரியாக இருக்கிறது” என்று எழுதிவைப்பதில் பயனில்லை. அதே இரண்டு வாரங்களில் அறை வெப்பநிலையையும் பெட்டியின் பின்புறத்தில் பதிந்துகொள்ளுங்கள். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை 32 பாகை செல்சியஸுக்கு உட்பட்ட அறைக்கென வடிவமைக்கப்பட்டவை. சித்திரை, வைகாசியில் குளிரூட்டி நின்றுபோன அறையொன்று அவ்வளவில் நிற்காது என்பதை நீங்களே அறிவீர்கள்.

அடுத்து, மின்சுற்றைப் பாருங்கள். ஆய்வுகூடம் முழுவதற்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்பட்டிருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை யாரோ நிறுத்த மறந்த சூடாக்கும் தட்டொன்றில் கசிவு ஏற்பட, சுவிட்ச் விழ, திங்கட்கிழமை காலை வருபவர் கதவடியில் தேங்கிய நீரைக் கண்டு திகைப்பார். ஆழ்குளிர்ப்பெட்டிக்கும் குளிர்சாதனப்பெட்டிகளுக்கும் தனித்தனிச் சுற்றும் தனிப் பாதுகாப்பும் இருக்க வேண்டும். குளிரூட்டிகள் இணைக்கப்பட்டுள்ள அதே மின்கட்டத்தில் (பேஸில்) அவற்றையும் ஏற்றாமல், மூன்று கட்டங்களிலும் சுமையைப் பங்கிட்டிருக்க வேண்டும். நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்கும் கணினிகளுக்கும் எப்போதும் தன் மின்மாற்றுச் சுற்றினூடாகவே மின்சாரம் வழங்கும் வகை (ஒன்லைன்) யூ.பி.எஸ். பொருத்தமானது. அதன் ஈய அமில மின்கலங்கள் 25 பாகைக்கென வகுக்கப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகைக்கும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. படிக்கட்டின் கீழ்ப் புழுங்கும் மூலையில் யூ.பி.எஸ்.ஸை வைத்துவிட்டு, ஐந்து வருடம் வரவேண்டிய மின்கலம் இரண்டு வருடத்தில் போய்விட்டது என்று விற்றவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

புவித்தொடுப்பை, அதாவது நாம் பேச்சில் ‘ஏர்த்’ என்று சொல்வதை, வன்னியில் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். கட்டடம் கையளிக்கப்பட்ட நாளில் அளந்த பெறுமானம் கோப்பில் இருக்கும்; அந்த நாள் மார்கழியாக இருந்திருந்தால், ஈரம் ஊறிய நிலத்தில் எந்தக் கம்பியும் நல்ல பெறுமானத்தையே காட்டியிருக்கும். ஆவணி, புரட்டாதியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அதே கம்பியின் தடை பல மடங்காக உயரலாம். அடுத்து வரும் ஐப்பசியில்தான் இடிமின்னல் தொடங்குகிறது; ஆகவே நிலம் மிகவும் காய்ந்திருக்கும் புரட்டாதியில் அளந்து, இடிதாங்கிக்கான தடை 10 ஓமுக்கு மேல் இருந்தால், கம்பியை ஆழப்படுத்தியோ கூடுதல் கம்பிகளை இணைத்தோ, சுற்றிலும் பென்ரனைற் களி இட்டோ முதல் மழைக்கு முன்னர் சீர்செய்ய வேண்டும். பிரதான மின்பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் இல்லையெனில், அதுவும் இவ்வருட வேலைகளில் ஒன்று. தடுப்பானைப் பொருத்திவிட்டு ஏர்த்தைக் கவனியாமல் விடுவது, வாய்க்காலை வெட்டாமல் மதகை மட்டும் கட்டுவது போன்றது.

புழுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியை அண்டிய கட்டடத்தில் காற்றுச் சல்லடைகளை மாதம் ஒரு தடவையாவது கழுவ வேண்டும். கையேட்டில் மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை என்று எழுதியவர் எமது வீதிகளைக் கண்டிருக்க மாட்டார். பல்லியும் எறும்பும் குளவியும் கையேட்டிலேயே இல்லை. குளிரூட்டியின் வெளி அலகில் உள்ள மின்னணுப் பலகைக்குள் பல்லி புகுந்து எரிந்ததையும், நீர் வடியும் குழாயில் குளவி மண்கூடு கட்டியதால் நீர் உள்ளே வழிந்து ஒளிமானி நனைந்ததையும் நான் நேரிற் கண்டிருக்கிறேன். குழாய் முனைகளுக்கு நுண்வலை கட்டுவதும், பலகைப் பெட்டிகளின் துவாரங்களை அடைப்பதும் அரை நாள் வேலை. ஆழ்குளிர்ப்பெட்டி அறைக்குப் பெரிய குளிரூட்டி ஒன்றை வாங்குவதைவிட, நேரக்கணிப்பானால் மாறி மாறி இயங்கும் இரண்டு நடுத்தரக் குளிரூட்டிகளைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்; ஒன்று நின்றாலும் மற்றையது அறையைக் காப்பாற்றும்.

இயங்காத 14 கருவிகளில் நீருடன் தொடர்புடையவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எமது குழாய்க்கிணற்று நீர் பல இடங்களில் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படைதான் ஒட்டோகிளேவின் சூடாக்கியிலும் வடிகலத்தின் சுருளிலும் படிகிறது. ஒட்டோகிளேவுக்குக் கனியநீக்கிய நீரை மாத்திரம் பயன்படுத்தினால் சூடாக்கி எரிவதும், பாதுகாப்பு வால்வு இறுகிப்போவதும் பெருமளவு குறையும். 121 பாகையில் அமுக்கத்துடன் இயங்கும் கலனொன்றில் இது செலவு பற்றிய விடயம் மாத்திரமன்று. கிராமங்களில் குடிநீருக்கென நிறுவப்பட்டுள்ள ஆர்.ஓ. நீர் ஆய்வுகூட நீருக்கு ஈடாகாது. ஆயினும் முதலில் மென்மையாக்கி, பின்னர் ஆர்.ஓ., இறுதியில் அயன் பரிமாற்றி என்ற வரிசையில் அமைத்தால், விலைகூடிய இறுதிக் கட்ட வடிகட்டிகள் நீண்ட காலம் உழைக்கும். மிகத் தூய நீரின் மின்தடைத்திறன் 25 பாகையில் 18.2 மெகாஓம் சென்ரிமீற்றர். திரையில் தெரியும் இந்த எண் இறங்கத் தொடங்கும் நாளைக் குறித்துவைத்தால், வடிகட்டியை எப்போது வரவழைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.

மாரியில் தொல்லை வேறு வகையானது. நுணுக்குக்காட்டிகளின் வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது ஐப்பசி முதல் தை வரையான ஈரப்பதனால். அவற்றைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய அலுமாரியில் வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் உலர்த்திப் போட்டால் போதும்.

தராசு பற்றி ஒரு குறிப்பு. கொழும்பில் அளவுதிருத்தம் செய்யப்பட்ட நான்கு தசம இடத் தராசை அப்படியே கிளிநொச்சியில் வைத்துப் பயன்படுத்த முடியாது. புவியீர்ப்பு அகலக்கோட்டுடன் மாறுவதால், அந்த வேறுபாடு மாத்திரமே 200 கிராம் நிறையில் கணக்கின்படி சுமார் 12 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டும்; தராசோ 0.1 மில்லிகிராம் வரை வாசிக்கிறது. எனவே அளவுதிருத்தம் தராசு நிற்கும் மேசையிலேயே நடைபெற வேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடமோ, ஐஎஸ்ஓ 17025 தராதர அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்திடமோ கேட்கும்போது, நேரில் வந்து செய்வார்களா என்பதையே முதலில் விசாரியுங்கள்.

இயங்காதவற்றைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்னர் ஒவ்வொன்றின் பின்புறத் தகட்டையும் வாசியுங்கள். நன்கொடையாக வந்தவற்றில் 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் கருவிகள் இருப்பது அரிதன்று; அவை பழுதானவையாக இல்லாமல், தவறாக இணைக்கப்பட்டவையாக இருக்கலாம். சிலவற்றில் உருகியோ இறப்பர் வளையமோ மாற்றினாலே போதும். உதிரிப்பாகம் உற்பத்தியே நின்றுபோன கருவிகளை, எப்போதாவது உதவும் என்று மூலையில் வைத்திராமல், ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பின்போது பதிவழிப்புக்குப் பரிந்துரையுங்கள். அவை இடத்தை அடைப்பதுடன், உங்களிடம் ஏற்கனவே அக்கருவி உள்ளதே என்று புதிய கோரிக்கையை மறுப்பதற்கும் காரணமாகின்றன.

ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் 41 கருவிகளுக்கும் பொறுப்பு என்றால், நடைமுறையில் எதற்கும் எவரும் பொறுப்பில்லை. ஒவ்வொரு பெரிய கருவிக்கும் ஒரு விரிவுரையாளரின் பெயரையும், அதை அதிகம் பயன்படுத்தும் ஆய்வு மாணவரின் பெயரையும் கருவியிலேயே ஒட்டுங்கள். பக்கத்தில் நூல் கட்டிய பேனாவுடன் ஒரு கொப்பியை வையுங்கள்; திகதி, பயன்படுத்தியவர், நேரம், கண்ட குறை ஆகிய நான்கும் போதும். கணினி வழிப் பதிவு முறையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கையுறையுடன் நிற்கும் மாணவர் கொப்பியில்தான் எழுதுவார். குறையை எழுதியவரைக் கண்டிக்கும் வழக்கம் வந்துவிட்டால், அன்றிலிருந்து கொப்பி வெறுமையாகிவிடும். ஆழ்குளிர்ப்பெட்டிக்கு மாத்திரம், தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பநிலை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி, மூன்று பேரின் இலக்கங்களைக் கொடுங்கள்; அவர்களில் ஒருவராவது விடுமுறை நாளில் அரை மணி நேரத்தில் வந்துசேரக்கூடியவராக இருக்க வேண்டும்.

பிறப்பாக்கியை வாரம் ஒரு தடவை சுமையுடன் ஓட்டிப் பாருங்கள். அது தேவைப்படும் நாளில் இயங்காமற்போவதற்குப் பெரும்பாலும் அதன் மின்கலமே காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் சேர்ந்து வந்ததை நினைவில் வைத்து, பெட்டிக்குள் இருப்பவற்றையும் குறையுங்கள். காற்றில் உலர்த்திய மண் மாதிரி ஆழ்குளிரில் இருக்கவேண்டியதில்லை. வெற்றிடங்களை நீர் நிரப்பி உறையவைத்த போத்தல்களால் நிரப்பினால் மின்வெட்டில் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். மாதிரிகள் அனுமதிக்குமெனில் மைனஸ் 70 பாகையில் வைப்பது கொம்பிரசருக்கும் மின்பட்டியலுக்கும் நல்லது.

இனி உங்கள் டிசம்பர் கவலைக்கு வருகிறேன். கருவி வாங்கும் பணம் மூலதனத் தலைப்பிலும், அதைப் பேணும் பணம் மீண்டெழும் தலைப்பிலும் வருவதால், வாங்க இருக்கும்போது பேண இருப்பதில்லை. ஆனால் தனி மின்சுற்று, வோல்ட்டளவு சீராக்கி, மின்னெழுச்சித் தடுப்பான், குளிரூட்டிகள், நீர்ச் சுத்திகரிப்புத் தொகுதி ஆகியவற்றையும் மூலதனத் தேவைகளாகவே முன்வைக்கலாம். ஒதுக்கீட்டின் தலைப்புக்குள் இவை அடங்குமா, கொள்வனவுத் திட்டத்தைத் திருத்த வேண்டுமா என்பதை நிதியாளரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். நவம்பரில் கேட்டால் விடை ஜனவரியில் வரும். பழைய பெட்டிக்கு மூன்றாவது கொம்பிரசர் பொருத்துவதா என்பதை அறையைச் சீர்செய்த பின்னர் தீர்மானியுங்கள். அதுவரை மாதிரிகளை அயற்பீடமொன்றில் வைத்திருக்கக் கேட்பதில் வெட்கமில்லை.

புதிய பெட்டியை வாங்கியே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், உத்தரவாதம் கையளித்த நாளிலிருந்தன்றி, உங்கள் அறையில் நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேள்விப்பத்திரத்தில் எழுதுங்கள். இருவருக்குப் பயிற்சி, ஐந்து வருடங்களுக்கான உதிரிப்பாக விலைப்பட்டியல், முறைப்பாடு செய்து எத்தனை நாட்களில் திருத்துநர் நேரில் வருவார் என்ற உறுதி ஆகியவற்றையும் நிபந்தனையாக்கி, பேணல் ஒப்பந்தச் செலவையும் விலை மதிப்பீட்டில் சேருங்கள். வாங்கும்போது மலிவாகத் தெரிவது அங்கே மலிவாகத் தெரியாது. கிளிநொச்சிக்கு வரும் திருத்துநர் ஏ9 வீதியில் வவுனியாவைத் தாண்டியே வருகிறார். வவுனியாப் பல்கலைக்கழகம் உள்ள பம்பைமடுவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடங்கள் உள்ள அறிவியல் நகரிலும் ஒரே வகைக் கருவிகளை வைத்திருப்பவர்கள் பேணல் வருகையை ஒரே வாரத்தில் அமைத்துக்கொண்டால், பயணச் செலவைப் பங்கிடலாம். திருத்துநரும் ஒரு கருவிக்காக வரத் தயங்கமாட்டார். அந்த வாரத்தைச் சோளகப் புழுதி அடங்கி மழை தொடங்குவதற்கு முன்னரான புரட்டாதியில் வைத்தால், ஏர்த் அளக்கும் வேலையையும் அதனுடனேயே முடித்துக்கொள்ளலாம்.