ஜேம்ஸ்பாண்டாக நடித்த ஆறு பேரில் சிறந்தவர் யார்? கானரி என்கிறார்கள், கிரெய்க் என்கிறார்கள். உங்கள் பதில்?

திமோதி டால்டன்.

இரண்டே படம் நடித்தவர். 1987-இல் 'தி லிவிங் டேலைட்ஸ்', 1989-இல் 'லைசென்ஸ் டு கில்'. பாண்ட் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஷான் கானரியா, டேனியல் கிரெய்க்கா என்றுதான் வாக்குவாதம் சூடுபிடிக்கும். வயதில் மூத்த யாராவது ஒருவர் ரோஜர் மூருக்குக் கொடி பிடிப்பார். டால்டன் பேச்சை எடுத்தாலே "அவரு சிடுமூஞ்சி பாண்ட்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி எனக்கு இன்றைக்கும் வலிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை எனக்கும் சித்தப்பாவுக்கும். அவர் மூர் கட்சி. காரணம் 1983-இல் வந்த 'ஆக்டோபஸ்ஸி'. உதய்ப்பூரில் எடுத்த படம். நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் கூட்டாளியாக வருவார். பாம்பாட்டி வேஷத்தில் மகுடியில் பாண்ட் இசையை வாசித்துத்தான் அறிமுகமே ஆவார். அப்புறம் பாண்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு பறப்பார், துரத்தி வருகிறவர்களை டென்னிஸ் மட்டையால் விளாசுவார். கூட்டம் அப்படியே டென்னிஸ் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பும். "நம்ம மெட்ராஸ் பையன் பாண்டுக்கே ஆட்டோ ஓட்டுறாம்மா" என்று சித்தப்பா சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். மூர் படங்களின் அந்தக் குதூகலம் எனக்கும் பிடிக்கும். கானரிக்குப் பிறகு வந்ததால் மூரைச் சின்னவர் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் கானரியைவிட மூன்று வயது மூத்தவர். 1973-இல் முதல் பாண்ட் படம் வந்தபோது அவருக்கு வயது 45. 1985 வரை ஏழு படங்கள் தாங்கினார்.

சரி, எதை வைத்து அளப்பது? கோட் யாருக்குப் பொருந்துகிறது, யார் அடித்தால் நிஜ அடி மாதிரி இருக்கிறது என்று பார்த்தால் ஆளுக்கொரு பதில் வரும். நான் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த மனிதனுக்கு ஓர் இழப்பு உண்டு. அதை அந்த நடிகர் எங்கே வைத்திருக்கிறார்?

1969-இல் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' வந்தது. அதில் பாண்ட் ஜார்ஜ் லேசன்பி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விளம்பர மாடல், சினிமா அனுபவம் கிடையாது. அந்த ஒரு படத்தோடு சரி. ஆனால் பாண்டுக்குக் கல்யாணம் நடந்தது அதில்தான். தாலி கட்டிய கையோடு என்று நாம் சொல்வோமே, அப்படித்தான், மணக்கோலம் கலைவதற்குள் மனைவி ட்ரேசியைச் சுட்டுவிடுகிறார்கள். காரின் முன்கண்ணாடியில் ஒரு குண்டு ஓட்டை. பைக்கில் வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, அவள் ஓய்வெடுக்கிறாள், எங்களுக்கு அவசரமில்லை என்கிறார் பாண்ட். முதலில் அழுதே நடித்ததாகவும், இயக்குநர் பீட்டர் ஹன்ட் அழ வேண்டாம் என்று திரும்ப எடுத்ததாகவும் லேசன்பியே சொல்லியிருக்கிறார். நடிக்கத் தெரியாதவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி பார்க்கட்டும்.

1971-இல் 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்துக்குக் கானரி திரும்பி வந்தார். ஆரம்பத்திலேயே ட்ரேசியின் சாவுக்குக் காரணமான எதிரி ப்ளோஃபெல்டைத் தேடி ஊர் ஊராக அடிக்கிறார். ஆனால் செத்துப்போன மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதை நான் கானரியின் குறையாகச் சொல்லவில்லை, கதை அப்படி. பாண்டுக்கு நடையும் பார்வையும் கொடுத்தவர் அவர்தான். எடின்பரோவில் பால் வண்டி ஓட்டிய ஏழை வீட்டுப் பையன் 1962-இல் 'டாக்டர் நோ'வில் சீட்டாட்ட மேஜையில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பெயரைச் சொன்ன அந்த நொடியில் எல்லாம் முடிவாகிவிட்டது. பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃபிளெமிங் அதற்குப் பிறகு எழுதிய நாவலில் பாண்டின் அப்பாவை ஸ்காட்லாந்துக்காரர் ஆக்கினார். அந்த மரியாதையில் நான் கை வைக்க மாட்டேன்.

மூருக்கும் ஒரு இடம் உண்டு. 1977-இல் 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தில் ரஷ்ய உளவாளி ஆன்யா அவருடைய ஜாதகத்தையே ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவாள். மனைவி கொல்லப்பட்டதைச் சொன்னதும் மூர் சட்டென்று நிறுத்தச் சொல்வார். அதுவரை இருந்த சிரிப்பு அப்படியே காணாமல் போகும். அவரைக் கோமாளி பாண்ட் என்கிறவர்களிடம் சித்தப்பாவோடு சேர்ந்து நானும் சண்டை போடுவேன்.

பியர்ஸ் பிராஸ்னன் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. 1986-லேயே அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நடித்துக்கொண்டிருந்த டிவி தொடரின் ஒப்பந்தம் விடவில்லை, வாய்ப்பு டால்டனுக்கு வந்தது. பிறகு 1995 முதல் நான்கு படங்கள் நடித்தார். அழகாகச் செய்தார். அவ்வளவுதான்.

இப்போது டால்டன். ஃபிளெமிங்கின் கதைகளைத் தேடிப் படித்துவிட்டு, அந்தக் களைத்துப்போன மனிதனைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். 'லைசென்ஸ் டு கில்' ஆரம்பத்தில் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டருக்குக் கல்யாணம். பாண்ட்தான் மாப்பிள்ளைத் தோழன். விருந்து முடிந்து கிளம்பும்போது மணப்பெண் டெல்லா விளையாட்டாகத் தன் கால்பட்டியைக் கழற்றி அவரிடம் நீட்டுகிறாள். அதைப் பிடிக்கிறவருக்குத்தான் அடுத்த கல்யாணம் என்பது அவர்கள் வழக்கம். டால்டன் முகம் மாறுகிறது. வேண்டாம், நேரமாகிவிட்டது என்று நகர்கிறார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அவள் கேட்க, ஃபீலிக்ஸ் சொல்கிறான்: அவனுக்கும் ஒருமுறை கல்யாணம் ஆனது, ரொம்ப நாளைக்கு முன்னால்.

அரை நிமிடம் இருக்குமா? ட்ரேசி என்ற பெயர் வரவே இல்லை. இருபது வருஷப் பழைய காயம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

அன்று இரவே டெல்லாவைக் கொன்றுவிடுகிறார்கள், ஃபீலிக்ஸைச் சுறாவிடம் போடுகிறார்கள். அதாவது கல்யாண நாளில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், தன் நண்பனுக்கும் அதுவே நடப்பதைப் பார்க்கிறான். படம் முழுக்க அவன் பழிவாங்குவது நண்பனுக்காக மட்டுமில்லை என்பதை எங்கேயும் வசனமாகச் சொல்ல மாட்டார்கள். டால்டன் முகத்தைப் பார்த்தே நமக்குப் புரியும். கடைசியில் பெட்ரோலில் நனைந்து நிற்கும் வில்லனிடம், காரணம் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டு எடுத்துக் காட்டுவது, அந்தப் புதுத் தம்பதி பரிசாகக் கொடுத்த சிகரெட் லைட்டரை.

"இதையேதானே கிரெய்க் செய்தார்?" என்பார்கள். செய்தார், அருமையாகவே செய்தார். 'கசினோ ராயல்' படத்தில் ஷவருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் நாயகி வெஸ்பர் பக்கத்தில் சட்டையோடு உட்கார்ந்து நனைவாரே, அதற்காகவே அவரை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். ஆனால் அவருக்கு 2006 முதல் 2021 வரை ஐந்து படங்கள் கிடைத்தன. அந்தத் துக்கத்தை வளர்க்கவென்றே கதை எழுதினார்கள். டால்டனுக்கு அப்படி யாரும் எழுதவில்லை. மூருக்குப் பழகிப்போன கண்கள் அவரிடமும் அதே குறும்பைத்தான் தேடின. 'லைசென்ஸ் டு கில்' வசூலில் பின்தங்கியதையும் அவர் தலையிலேயே கட்டுகிறார்கள். 'பேட்மேன்', மூன்றாவது 'இண்டியானா ஜோன்ஸ்', 'லீத்தல் வெப்பன் 2' எல்லாம் மோதிய கோடை அது. பிரிட்டனில் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்க முடியாது என்று சான்றிதழ் வேறு. அதற்குப் பின் வழக்கு, வம்பு என்று ஆறு வருஷம் பாண்ட் படமே வரவில்லை. 1994-இல் டால்டன் விலகிக்கொண்டார். மூன்றாவதாக ஒரு படம் மட்டும் அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

போன பொங்கல் லீவில் சித்தப்பாவை உட்காரவைத்து 'தி லிவிங் டேலைட்ஸ்' போட்டேன். பாதிப் படம்வரை பேசாமல் பார்த்தவர், "நல்லாத்தாம்மா பண்றான், ஆனா ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறான்?" என்றார். கொஞ்சம் பொறுங்க சித்தப்பா என்றேன். வியன்னா வந்தது. பிராட்டர் பூங்கா, ராட்சச ராட்டினம், நாயகி காராவோடு டால்டன் வாய்விட்டுச் சிரிக்கிறார். அப்புறம் காபிக் கடையில் சக உளவாளி சாண்டர்ஸைச் சந்திக்கிறார். முன்பு பாண்டைப் பற்றி மேலிடத்தில் புகார் செய்வேன் என்று முறைத்துக்கொண்டவன் சாண்டர்ஸ். இப்போது கேட்ட தகவலோடு வந்திருக்கிறான். பாண்ட் மனசார நன்றி சொல்கிறார். அவன் வாசலைத் தாண்டும்போது தானியங்கிக் கண்ணாடிக் கதவு அறைந்து அவனைக் கொல்கிறது. ஒரு பலூன் உருண்டு வருகிறது, ஒற்றர்களுக்குச் சாவு என்ற பொருளில் ரஷ்ய வாசகத்தோடு. டால்டன் அதை எடுத்து, கையாலேயே நசுக்கி உடைக்கிறார்.

சித்தப்பா ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். "இப்பத்தானே சிரிச்சிட்டிருந்தான்" என்றார். அப்புறம் ராட்டினத்துக்கே திரும்ப ஓட்டச் சொன்னார்.