கணக்கு யார் கைக்குப் போக வேண்டும்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: ஓய்வு பெற்ற உதவிக் கருவூல அலுவலர், காரைக்குடி

கேள்வி: என் மகன் போன வருஷம்தான் வருவாய்த் துறையில் வேலைக்குச் சேர்ந்தான். தீபாவளிக்கு யார் யாரோ பலகாரப் பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். "இது லஞ்சம் இல்லை, மரியாதை" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை.
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி, ஆச்சி. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. முதலில் அதை அவன் படிக்கட்டும். தன்னிடம் காரியம் ஆக வேண்டியவர் தரும் பரிசை ஊழியரும் வாங்கக் கூடாது, வீட்டாரும் வாங்கக் கூடாது. பெட்டியை உள்ளே எடுத்து வைத்தது நீங்களாக இருந்தாலும் பற்று அவன் பேரில்தான் விழும்.

என் மகள் கல்யாணத்தின்போது நான் கருவூலத்தில் கணக்கர். மாணவர் விடுதிகளுக்கு மளிகை போடும் ஒருவருடைய பில் என் மேசைக்கு வரும். அழைப்பு வைக்காமலே கல்யாணத்துக்கு வந்திருந்தார். இரவு மண்டபத்தில் உட்கார்ந்து மொய் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று போய்க்கொண்டிருந்த பக்கத்தில் திடீரென்று ஐயாயிரத்து ஒன்று. எதிரே அவர் பெயர். அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான். "திருப்பிக் கொடுத்தால் அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆகும்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் அதே தொகைக்கு டி.டி. எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்ததும் மொய் நோட்டில் அந்த வரிக்கு நேரே ஒட்டினேன். அலுவலருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அவருடைய பில் ஒன்றில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இல்லை. ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பணம் என் பீரோவில் இருந்திருந்தால் என் பேனா அப்படி எழுதியிருக்குமா, ஆச்சி? எனக்கு இன்றைக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அடுத்த தீபாவளிக்கு வருபவரை முகப்பிலேயே உட்காரவைத்துக் காபி கொடுங்கள். பெட்டியைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். சீப்புச் சீடையும் மனகோலமும் வீட்டில் சுட்டால் போதும்.

கேள்வி: பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டு அலைக்கழித்தார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டேன். இப்போது புகார் செய்தால் நானும் மாட்டிக்கொள்வேனா?
— ஒரு விவசாயி, புதுவயல்

பதில்: கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் போனில் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்துவிட்டால் அந்தக் குற்றம் அவர்மேல் வராது. கொடுப்பதற்கு முன்னாலேயே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குத் தெரிவித்தால் இன்னும் நல்லது. ரசாயனப் பொடி தடவிய நோட்டைத் தந்து உங்களை அனுப்புவார்கள். அப்படிக் கொடுப்பது குற்றமே ஆகாது.

கேள்வி: குமாஸ்தாவுக்கு இத்தனை விதி இருக்கிறதே, அமைச்சருக்கு ஒன்றும் கிடையாதா?
— ஒரு கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: இருக்கிறது, தம்பி. ஊழல் வழக்கு என்று வந்தால் முதலமைச்சரும் அமைச்சரும் பொது ஊழியர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்புக்காக 2018-ல் வந்த தமிழ்நாடு லோக் ஆயுக்தா சட்டமும் அவர்களை விட்டுவைக்கவில்லை. இவை தவிர, மத்திய, மாநில அமைச்சர்களுக்கென்று ஒரு நடத்தை நெறி உண்டு. பதவிக்கு வருபவர் தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். வருஷா வருஷம் ஆகஸ்ட் 31-க்குள் சொத்து, கடன் கணக்கைக் கொடுக்க வேண்டும்.

யாரிடம்? மாநிலத்தில் முதலமைச்சரிடம், மத்தியில் பிரதமரிடம். என் ஆற்றாமை இங்கேதான். இந்த நெறி சட்டம் இல்லை. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் ஒரு வரி கிடையாது. மத்திய அமைச்சர்களின் சொத்து விவரத்தைப் பிரதமர் அலுவலக இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் வழக்கம் நின்றுபோனால் யார் கேட்பது? தேர்தலில் நிற்கும்போது தரும் சொத்துப் பிரமாணப் பத்திரம் எல்லார் பார்வைக்கும் வருகிறது. பதவியில் இருக்கும்போது வருஷா வருஷம் என்ன கூடியது என்பது அதில் தெரியாது.

என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடைக்கு மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்தவர். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே மேலாள், அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்துபவர், கையில். ஆனால் ஐந்தொகை என்கிற வரவு செலவு, இருப்புக் கணக்கு கப்பலேறி இங்கே முதலாளி வீட்டுக்கு வந்து சேரும். பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து வரி வரியாகப் படிப்பார்களாம். மேலாள் தன் கணக்கை இன்னொரு மேலாளிடம் காட்டிவிட்டுப் பெட்டியைப் பூட்ட முடியாது. ஓட்டுப் போடுகிற நாம்தானே முதலாளி? கணக்கு நம் வீட்டுக்கு வர வேண்டாமா?

அப்புறம், கீழே இருப்பவர் செய்த தவறுக்கு மேலே இருப்பவர் பொறுப்பா என்பது. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1957-ல் எல்.ஐ.சி. பணத்தில் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கியதை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிளப்பினார். செய்தது செயலாளர் என்று சொல்லிப் பார்த்தார் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. பொதுமக்கள் முன்னால் விசாரணை நடத்திய நீதிபதி சாக்ளா, அமைச்சர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

நீ உன் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுது. ஆகஸ்ட் 31 கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேள். நகல் ஒன்று எனக்கும் அனுப்பு, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.