அது பதக்கம் இல்லை, குதிரை அணிகலன்

இங்கிலாந்து வயலில் மெட்டல் டிடெக்டரில் சிக்கிய கேடய வடிவத் தகடு, அதில் மூன்று சிங்கம், அங்கங்கே சிவப்பு. படைவீரர் பதக்கமா, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் புளியைத் தள்ளி வையுங்கள்!

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் குதிரைச் சேணத்தில் தொங்கவிடும் அணிகலன் போலத்தான் தெரிகிறது. உச்சியில் உள்ள துளையைக் கவனியுங்கள். கழுத்துப் பதக்கம் மாதிரி முன்னிருந்து பின்னாகப் போகாமல், பக்கவாட்டில் போகிறது. அதில் ஓர் ஊசி நுழைந்து, வாரில் அறைந்த பிடியோடு கீல் போலச் சேரும். குதிரை நடக்கும்போது மார்பு வாரில் இது ஆடி மின்னும். துளைக்குள் துரு இருந்தால் அந்த இரும்பு ஊசியின் மிச்சமாக இருக்கலாம், நோண்டாதீர்கள்.

அந்தச் சிவப்பு பெயின்ட் இல்லை, எனாமல். செம்புக் கலவையில் பள்ளம் வெட்டி, கண்ணாடித் தூளை நிரப்பிச் சூட்டில் உருக்கியது. சிங்கங்கள் மேல் பொன்முலாம் பூசியிருப்பார்கள். புளியின் அமிலம் பட்டால் இரண்டுக்குமே ஆபத்து.

சிவப்புப் பின்னணியில் மூன்று பொன் சிங்கம் இங்கிலாந்து அரசச் சின்னம். 1340இல் மூன்றாம் எட்வர்டு அதோடு பிரெஞ்சு லில்லிப் பூக்களைச் சேர்த்துவிட்டார். உங்களுடையதில் பூ இல்லை, அதனால் அதற்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக ராஜாவின் குதிரை என்று குதிக்க வேண்டாம், அரண்மனைப் பணியாளர் குதிரையாகவும் இருக்கலாம்.

இப்படி ஒற்றையாகக் கிடைக்கும் செம்புப் பொருள் பொதுவாக 1996 புதையல் சட்டத்தில் வராது. ஆனாலும் கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். அப்புறம், நில உரிமையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.