மூலிகைக்குக் காப்புரிமை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் கையெழுத்திடலாமா?

கேள்வி: பாபநாசம் மலையில் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் வசிக்கிறோம். என் பெரியப்பா பரம்பரை வைத்தியர். அவருடைய மருந்து முறைகளை எழுதிக் கொடுத்தால் எங்கள் பெயரிலேயே காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி, வெளியூர் மூலிகை வியாபாரி ஒருவர் முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். வழிவழியாக வந்த மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் பெரியப்பாவின் மருந்து முறைக்கு உங்கள் பெயரிலும் வாங்க முடியாது, அவர் பெயரிலும் வாங்க முடியாது. அந்த வியாபாரிக்கு வேண்டியது, எந்தச் செடி, எந்தப் பருவம், எவ்வளவு, எதனுடன் சேர்ப்பது என்று எழுதிய தாள்தான். அது கையில் கிடைத்துவிட்டால், சாறு பிரிக்கும் முறையைச் சற்று மாற்றிப் புதியது என்று வேறொருவர் பெயரில் விண்ணப்பிக்க முயல்வார்கள். சித்த, ஆயுர்வேத நூல்களில் உள்ளவற்றைக் காக்க மத்திய அரசு 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம், ஏட்டில் ஏறாத உங்கள் வாய்மொழி அறிவுக்கு அரணாகாது.

உங்கள் மலையின் மேற்குச் சரிவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1987-இல் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் கொண்டு கேரள அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் பத்து இலட்சம் ரூபாய்க்கும் இரண்டு விழுக்காடு உரிமத்தொகைக்கும் ஒரு மருந்து நிறுவனத்திடம் உற்பத்தி உரிமையைக் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. ஆனால் அந்தப் பணத்தைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் பதிவானது. அறிவை விற்பதைப் பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்தனர். இலைக்குத் தேவை கூடியதும் செடியை வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாட்டிலேயே இத்தனை சிக்கல் என்றால், தனி வியாபாரியின் தாளை நம்ப என்ன இருக்கிறது?

அடுத்ததாக அந்த வியாபாரி ஒரு விதிவிலக்கைக் காட்டுவார். பல்லுயிர்ச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி உள்ளூர் மக்களும் மரபு வைத்தியர்களும் மூலிகை எடுக்கப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு உங்களுக்கு உரியது. உங்களிடம் வாங்கி மருந்து செய்யும் நிறுவனத்துக்கு அது தானாகப் போய்ச் சேராது. 2023 திருத்தம் பயிரிட்ட மூலிகைகளுக்கும் விலக்களித்து, அதற்கு, எங்கே விளைந்தது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. இங்கேதான் பொறி இருக்கிறது. காட்டில் பறித்ததை உங்கள் நிலத்தில் விளைந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒப்பமிட்டால், மூலிகையால் வரும் வருவாயில் பங்காகக் கொடுக்க வேண்டிய பயன்பகிர்வுத் தொகையிலிருந்து நிறுவனம் தப்பும், பொய்யான உறுதிமொழி உங்கள் தலையில் விழும். தாளில் ‘சாகுபடி’, ‘பயிரிட்டது’ என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் ஒப்பமிடாதீர்கள்.

உங்கள் உண்மையான பலம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். மரபாகச் சேகரித்து வந்த மூலிகை, வேர், கிழங்கு ஆகியவற்றின் மீது உடைமை உரிமையையும், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூக உரிமையையும் அது தருகிறது. கிராம சபை வழியாகச் சமூக உரிமைக்கான ‘பி’ படிவத்தைக் கொடுங்கள். இதைக் குடியிருப்புக்கே வந்து செய்து தர வேண்டிய அலுவலகங்கள், படித்தவரையே திணறடிக்கும் படிவங்களை நீட்டிவிட்டு, மலையிறங்கி வருபவரை மேசைக்கு மேசை அலைய விடுகின்றன. இடைத்தரகருக்கு வாசலைத் திறந்துவிடுவதே இந்த அலட்சியம்தான். ஊரின் செடி, உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு விவரம் கேட்டு யாரேனும் வந்தால், செடியின் பெயரையும் பொதுவான பயனையும் சொன்னால் போதும். அளவையும் பக்குவத்தையும் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா ஏற்கெனவே எதிலாவது கையெழுத்தோ கைரேகையோ வைத்திருந்தால், அதை ஏற்கவில்லை என்று கிராம சபையில் தீர்மானம் எழுதி, அதன் நகலை மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலகத்துக்கும் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.