ரப்பர் மவுண்ட் கேள்வி பதில்: ஷோர் அப்புறம், முதலில் எடையைச் சொல்லுங்க

கோவை குறிச்சிப் பக்கம் ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிகளுக்கான மவுண்ட், புஷ், பேடுதான் வேலை. மவுண்ட் என்றால் எஞ்ஜின், கேபின் மாதிரி பாகத்துக்கும் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் நடுவில் அதிர்வைக் குறைக்க வைக்கிற ரப்பர். ஷோர் என்பது ரப்பர் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற எண், எண் கூடினால் கெட்டி. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். எஞ்ஜின் ரிப்பேர் பற்றிக் கேட்டால் உங்கள் மெக்கானிக்கிடமே அனுப்பிவிடுவேன்.

கரூர், பஸ் பாடி கட்டுபவர்: அண்ணா, ஓடும்போது வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஸ்டாண்டில் ஐடிலில் நின்றால் கண்ணாடி, சீட் எல்லாம் உதறுது. எஞ்ஜின் மவுண்டை 60 ஷோரிலிருந்து 70 ஆக்கினேன், இன்னும் மோசமாயிருச்சு. ஏனுங்க?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நாலு சிலிண்டர் டீசல் எஞ்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடிக்கும். ஐடில் 700 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் நொடிக்கு 23 வெடி. ஒவ்வொரு வெடியும் மவுண்டுக்கு ஓர் அடி, தட்டுகிற மாதிரி. மவுண்ட் மேல் உட்கார்ந்த எஞ்ஜினுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. வருகிற அடி அந்தச் சொந்த அதிர்வெண்ணின் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே இருந்தால் கூட்டித்தான் விடும். ஓடும்போது ஆர்பிஎம் ஏறி அடி எங்கேயோ போய்விடுகிறது, அதனால் தெரிவதில்லை. ஐடிலில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

60-லிருந்து 70 ஷோர் போனால் ரப்பரின் விறைப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு ஏறும். சொந்த அதிர்வெண் கால் பங்குக்கு மேல் கூடி, ஐடில் அடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பத்து ஷோர் கூட்டியதில் கிடைத்தது அதுதான்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. எடை ஏறியதும் மவுண்ட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் சொந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வந்துவிடும். 1 மில்லி அமுங்கினால் கிட்டத்தட்ட 16, 4 மில்லி அமுங்கினால் 8. அடி 23, மவுண்ட் 8 என்றால் எட்டில் ஒரு பங்குதான் சேஸிஸுக்குப் போகும். ஆனால் ரப்பர் சும்மா எடை தாங்கும்போது இருப்பதைவிட அதிரும்போது கூடுதல் விறைப்பு காட்டும். காம்பவுண்டில், அதாவது ரப்பர் கலவையில், கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் ஏற ஏற அதுவும் ஏறும். அதிரும்போது விறைப்பு 1.4 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 4 மில்லி போதாது, ஐந்தரை வேண்டும். எஞ்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 480 கிலோ, நாலு மவுண்ட், ஒவ்வொன்றிலும் 120 கிலோ என்றால், மில்லிக்கு 22 கிலோ தாங்குகிற மவுண்ட் கேளுங்கள். நிஜத்தில் எடை நாலிலும் சமமாக விழாது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

அதுக்காக மெத்தென்று ஆக்கிக்கொண்டே போகவும் முடியாது. குழியில் இறங்கினால் பஸ்ஸின் அச்சு நொடிக்குப் பத்துத் தடவை வாக்கில் துள்ளும். எஞ்ஜினும் அதை ஒட்டியே இருந்தால் சேர்ந்து குதிக்கும். அதனால்தான் மேலும் கீழும் ஸ்டாப்பர், அதாவது துள்ளலைத் தடுக்கிற தடுப்பு வைக்கிறோம். ஸ்டாப்பருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும். சும்மா நிற்கும்போதே உரசினால் மவுண்ட் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

சங்ககிரி, லாரி உரிமையாளர்: கேபின் மவுண்ட் புதுசு போட்டு நல்லா இறுக்கினேனுங்க. பழசே தேவலை போல இருக்குது.

பழைய மவுண்டுக்குள் ஓர் இரும்புக் குழாய் இருந்திருக்கும், ஸ்லீவ் என்போம். அது எங்கே? பழசோடு குப்பைக்குப் போயிருக்கும். போல்ட்டின் இறுக்கத்தை ஸ்லீவ்தான் தாங்க வேண்டும், ரப்பர் இல்லை. ஸ்லீவ் இல்லாமல் இறுக்கினால் ரப்பர் முழுசாக நசுங்கிக் கேபினும் சேஸிஸும் ஒரே இரும்பாகிவிடும். கழற்றி ஸ்லீவ் போடுங்கள். ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அந்த அளவை விட்டு ஸ்லீவின் உயரத்தை வெட்ட வேண்டும்.

ஈரோடு: பழைய டயரை வெட்டி மவுண்டாகப் போடலாமா?

உரசலுக்கும் சத்தத்துக்கும் பேக்கிங்காகப் போடலாம். அதிர்வுக்கு ஆகாது. உள்ளே நைலான் நூலோ கம்பியோ ஓடுகிறது, பக்கவாட்டில் பிதுங்க விடாது. ரப்பரின் கன அளவு குறையவே குறையாது. மேலே அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கியாக வேண்டும், பிதுங்க இடமில்லை என்றால் அமுங்காது. மவுண்டை நாலு பக்கமும் இரும்புப் பெட்டிக்குள் டைட்டாக அடைக்கிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

பல்லடம்: டெம்போ கேபினுக்கு எத்தனை ஷோர் போடணும்?

எடை, மவுண்ட் எத்தனை, ரப்பரின் உயரம், பரப்பு. இதெல்லாம் இல்லாமல் ஷோர் சொல்ல முடியாது.

திருச்செங்கோடு, போர்வெல் ரிக் வண்டி: கம்ப்ரஸர் மவுண்ட் ஆறே மாசத்தில் ஊதிப்போய் கொழகொழன்னு ஆயிருதுங்க.

எண்ணெய் குடித்திருக்கிறது. ரிக்கில் டீசலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒழுகாத இடம் ஏது? இயற்கை ரப்பர் ஆடி ஆடி உழைப்பதற்கு அருமையானது, எண்ணெய் பட்டால் ஊறிவிடும். ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர் வெயிலுக்கும் சூட்டுக்கும் கெட்டிக்காரன், எண்ணெய்க்கு அதுவும் ஆகாது. நைட்ரைல் ரப்பர் கேளுங்கள். எண்ணெய் கொஞ்சமாகத்தான் படுகிறது, வெயில் அதிகம் என்றால் நியோப்ரீன். இல்லை, இயற்கை ரப்பரையே வைத்துக்கொண்டு மேலே ஒரு தகர மூடி போடுங்கள். பல வண்டியில் அந்தத் தகரமே போதும். ஸ்லீவ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோவை, பொறியியல் மாணவர்: சார், ரப்பரின் விறைப்பைக் கணக்கிடும் மூனி–ரிவ்லின் மாடல் போட்டு அனாலிஸிஸ் செய்தேன். சோதனையில் மவுண்ட் அதைவிட மெத்தென்று வருகிறது.

துண்டை முதல் தடவை அழுத்தியபோது எடுத்த எண்களைக் கொடுத்திருப்பீர்கள் தம்பி. கார்பன் பிளாக் கலந்த ரப்பர் முதல் தடவை விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று தடவை அழுத்தி விட்டால் இளகும். மல்லின்ஸ் விளைவு என்று உங்கள் பாடத்திலேயே இருக்கும். வண்டியில் போகும் அளவுக்கு மூன்று தடவை அமுக்கி விட்டு அப்புறம் அளந்து பாருங்கள். இழுத்துப் பார்த்த எண்ணை மட்டும் கொடுக்காமல் ஷியர் சோதனையும், அதாவது பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பதையும், சேர்த்துக் கொடுங்கள்.

நாமக்கல், லாரி பாடி பட்டறை: அண்ணா, இந்த ரப்பர் எல்லாம் காருக்குச் சரிங்க. லோடு பாடியை யூ போல்ட் போட்டுச் சேஸிஸோடு கட்டினால்தான் நிற்கும். ரப்பர் வைத்தால் போல்ட் லூசாகி பாடி நகர்ந்துரும்.

கரூர், பஸ் பாடி கட்டுபவர்: அதனால்தானுங்க உங்க பாடியில் மூலைக்கு மூலை வெல்டிங் விட்டுப்போகுது!

நாமக்கல்: பத்து டன் ஏத்திப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லாரி சேஸிஸ் ஏணி மாதிரியான சட்டம். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். மேலே இருக்கும் பாடியும் முறுக்க விட்டால் வம்பில்லை. பலகை போட்ட திறந்த பாடி தானே வளையும், நீளம் முழுக்க யூ போல்ட் போட்டாலும் தாங்குகிறது. நாமக்கல்காரர் சொல்வது அந்தப் பாடிக்குச் சரி.

டேங்கரும் மூடிய பெட்டிப் பாடியும் முறுக்காது. அதை முன்னும் பின்னும் இறுக்கினால் சேஸிஸ் முறுக்குகிற ஒவ்வொரு தடவையும் எங்காவது ஓர் இடம் விரிசல் விடும். அதற்கு வழி, பின்பக்கம் தகடு வைத்து நகராமல் பிடித்துவிட்டு முன்பக்கம் மட்டும் ரப்பரிலோ ஸ்பிரிங்கிலோ விடுவது. பிரேக் அடிக்கும்போது வருகிற இழுப்பைப் பின்பக்கத் தகடு வாங்கிக்கொள்ளும், முறுக்கலை முன்பக்க ரப்பர் வாங்கிக்கொள்ளும். முன்னால் ரப்பர் வைக்கும் இடத்திலும் ஸ்லீவ் உண்டு.

நாமக்கல்: அப்போ போல்ட் லூசாவது?

ஸ்லீவ் இல்லாத ரப்பர் நாள்பட அமுங்கி உயரம் குறையும், போல்ட்டின் இழுப்பு போய்விடும். லூசாவது அதனால்தான். உங்கள் பட்டறையில் பார்த்தது பொய்யில்லை, பழியை மட்டும் ரப்பர் மேல் போட்டுவிட்டீர்கள்.

கரூர்: நான் சொன்னேனில்லங்க!

நீங்கள் ஐடில் உதறலுக்கு 70 ஷோர் போட்டவர், கொஞ்சம் அமைதி.

பெருந்துறை: சார், 60 ஷோர் நல்லதா 65 நல்லதா?

மேலே பல்லடத்துக்குச் சொன்னதுதான். ஒரே ஆர்டரில் வரும் மவுண்டிலேயே ஐந்து ஷோர் கூடக்குறைய வருவது சகஜம்.

திருப்பூர்: விலை எவ்வளவு, கூரியரில் வருமா?

இங்கே வியாபாரம் பேசவில்லைங்க.

பொள்ளாச்சி: கார் டேஷ்போர்டு கடகடங்குது, எந்த மவுண்ட்?

டேஷ்போர்டு கிளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், மெக்கானிக்கிடம்.

தாராபுரம்: டிராக்டர் சீட்டுக்கு எத்தனை ஷோர்?

பதில் இல்லை.

மேட்டுப்பாளையம், ஒர்க்ஷாப்: புது மவுண்டில் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிஞ்சு வந்துருச்சுங்க. ஓவர் லோடா, சரக்கே மோசமா?

தகட்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து அதன் தோல் தகட்டிலேயே ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது, ரப்பர்தான் தோற்றிருக்கிறது. சுமை கூடியிருக்கலாம், ஸ்டாப்பர் இல்லாமல் இழுபட்டிருக்கலாம். தகடு வெறும் இரும்பாக வழவழவென்று தெரிந்தால், ஷாட் பிளாஸ்ட் (சின்ன இரும்புக் குண்டுகளை அடித்துத் தகட்டைச் சொரசொரப்பாக்குவது) செய்யாமலோ எண்ணெய்ப் பிசுக்கோடோ பசை பூசியிருக்கிறார்கள். அதே பெட்டியில் வந்த மற்ற மவுண்டுகளையும் வண்டியில் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.